என் கையைப் பற்றி ஒரு சாட்சி

பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு அந்த நர்ஸ்கிட்ட சொன்னியே, கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். நானும் ஒரு காலத்துல அப்படித்தான் சொன்னேன். இதே பெஞ்சு, இதே எலும்பு டாக்டரு. எல்லாப் பொம்பளையும் பாத்ரூம்லதான் விழுவோம் போல. ஒருத்தியாவது வேற எங்கயாவது விழுந்தேன்னு சொல்லக் கூடாதா?

பயப்படாத, தாயி. நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். உன் மடியில அந்த நோட்டீசைப் பாத்தேன். அதான் வாயைத் தொறந்தேன். 'குடியிலிருந்து விடுதலை, புதுச் சிருஷ்டி இல்லம்.' வாசல்ல வச்சுக் குடுத்தாரா? வெள்ளைச் சட்டை, நெத்தியில ஒரு தழும்பு? அவரு பேரு மரியராஜு. திருப்பிப் பாரு, பின்னாடி போட்டோ இருக்கும். ரெண்டாவது ஆளு. வாயெல்லாம் பல்லா சிரிக்காவல்லா? அதுதான் எங்க வீட்டுக்காரரு, வேதமணி. நான் அவிய பொஞ்சாதி, எமிலி.

அங்க கூட்டிட்டுப் போகலாமான்னுதான யோசிக்க? கூட்டிட்டுப் போ. எங்க ஆளு நிறுத்திட்டாவ. பொய் சொல்ல மாட்டேன். ஆனா எப்படி நிறுத்துனாவ, நிறுத்துன பொறவு என்ன ஆச்சுன்னு நோட்டீசுல போட மாட்டாவ. அதை நான் சொல்லுதேன். டோக்கன் கூப்பிட இன்னும் நேரம் கெடக்கு. எனக்கு யார் மேலயும் கோவம் கெடையாது. அதை மொதல்லயே சொல்லிப்புடுதேன்.

அவியளுக்கு வெல்டிங் பட்டறை. கேட்டு, கிரில்லு, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வாவ. வேலையில குத்தம் சொல்ல முடியாது. மொதல்ல வேலை முடிஞ்சு குடிச்சாவ. பொறவு வேலைக்கு நடுவுல குடிச்சாவ. பொறவு குடிக்கு நடுவுல வேலை. எல்லா வீட்டுக் கதையும் அதுதான, அதை நீட்டி என்ன செய்ய.

ஒரு நாள் மத்தியானம் பாட்டிலை எடுத்துச் சாக்கடையில ஊத்திட்டேன். ஒளிச்சு ஊத்தல, கண்ணு முன்னாடிதான் ஊத்துனேன். வந்து கையைப் பிடிச்சாவ. இந்தக் கை. பிடிச்சு முறுக்குனாவ. முருங்கைக்காயை ஒடிச்சா ஒரு சத்தம் வரும்லா, அந்தச் சத்தம். நான் கத்தல. சத்தத்தைக் கேட்டு அவியதான் கத்துனாவ. இரும்பை வளைக்கிற கை, பிள்ள. என் கையெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டா?

என் தம்பி தங்கதுரை மருந்துக்கடையில நிக்கான். அவன் ஓடி வந்தான். "அக்கா, இது கொழுப்பு இல்ல, நோவு. நோவுக்கு மருந்து உண்டு"ன்னு சொல்லி, எனக்கு மாவுக்கட்டுப் போட்ட அதே ஆஸ்பத்திரியில அவியளைக் குடிநோய் வார்டுல சேத்தான். நல்லாத்தான் பாத்தாவ. ஊசி போட்டாவ, தூங்க வச்சாவ, கை நடுக்கம் நின்னுச்சு. மருந்தை நான் குத்தம் சொல்லவே மாட்டேன்.

வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு ஒரு அம்மா எங்க ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல உக்கார வச்சாவ. கவுன்சிலிங்காம். சின்ன வயசு, நல்ல மாதிரியான பேச்சு. "வேதமணி, உங்க மனைவியைப் பாருங்க. அவங்களுக்கு என்ன செஞ்சீங்கன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க"ன்னாவ.

அவிய என் மாவுக்கட்டைப் பாத்தாவ. பாத்துக்கிட்டே இருந்தாவ. "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்"னு எந்திரிச்சவிய திரும்பி வரல. நானும் அந்த அம்மாவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். பொழுது சாயிறதுக்குள்ள, ஒயின்ஷாப்பு வாசல்ல கெடக்காவன்னு தம்பிக்கு போன் வந்துட்டு.

தம்பி என்னைத்தான் திட்டுனான். "நீ மொறைச்சிருப்பக்கா. உன் மூஞ்சியைப் பாத்துப் பயந்திருப்பாரு அத்தான்." நான் எங்க மொறைச்சேன்? என் மூஞ்சியே அப்படித்தான். வலிக்கிறவ மூஞ்சி பின்ன எப்படி இருக்கும்?

அதுக்குப் பொறவுதான் இந்த இல்லம். சர்ச்சுல ஒருத்தி சொன்னா. ஒரு ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கூட்டிட்டுப் போனோம். அங்க பாஸ்டர் கிருபாகரன் கேட்டுலயே சொல்லிட்டாரு, "மாத்திரை எதுவும் உள்ள வரக் கூடாது. இங்க விசுவாசம் மட்டும்தான்."

தம்பிக்கு வந்துச்சே ஆத்திரம். "திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரும்யா. ஆளு செத்துப் போவான். ஜெபம் பண்ணுனா ஈரல் சரியாகுமா?"

பாஸ்டர் சத்தம் போடல. "பிரதர், உங்க மாத்திரையை அவர் சாப்பிட்டாச்சு. சாப்பிட்ட பிறகும் ரோட்டுலதான் கிடந்தாரு. இனி எங்ககிட்ட விடுங்க."

இவன் கத்த, அவரு நிதானமா பதில் சொல்ல, ஆட்டோவுல அவிய எச்சி ஒழுகக் கெடக்காவ. ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கான். நான் நடுவுல. யார் சொன்னது சரின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, பிள்ள. தம்பி சொன்னது அதே வாரம் நடந்துச்சு. எங்க ஆளுக்கு இல்ல, பக்கத்துக் கட்டில்காரருக்கு. வலிப்பு வந்து இழுக்கு, சுத்தி நின்னு ஜெபம் பண்ணுதாவ. அங்க சமையல் பண்றவருதான் பொறுக்க முடியாம ஆளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காரு. பிழைச்சுக்கிட்டாரு. அதுக்கும் ஸ்தோத்திரம் சொன்னாவ. சமையல்காரருக்கு ஒருத்தரும் ஸ்தோத்திரம் சொல்லல. அதனால நீ கூட்டிட்டுப் போறதா இருந்தா, மொதல்ல இங்க காட்டு, நடுக்கம் நிக்கட்டும். பொறவு கூட்டிட்டுப் போ. நான் சொல்ற மத்ததை மறந்தாலும் இதை மறந்துராத.

ஆனா ஒண்ணு. அந்த மரியராஜு இருக்காருல்லா, தழும்புக்காரரு, அவரு எங்க ஆளு பக்கத்துல பாய் போட்டுப் படுத்தாரு. வாந்தி எடுத்தா வாளியைப் பிடிச்சாரு. "நானும் இதே மூலையிலதான் கெடந்தேன். இந்தா நிக்கேன்லா? நீயும் நிப்ப"ன்னு காதுல சொல்லிக்கிட்டே இருந்தாராம். ஆஸ்பத்திரியில டாக்டர் இருந்தாவ, நர்ஸ் இருந்தாவ. இப்படி ஒரு ஆளு இல்ல. தம்பிகிட்ட இதைச் சொன்னேன். "அதுக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டான். அவன் கேட்டதும் சரிதான். ஆனா அந்த மனுஷன் அங்கதான இருந்தாரு, வேற எங்கயும் இல்லயே.

அவிய திரும்பி வந்தாவ. தலையை வழிச்சுச் சீவி, வெள்ளைச் சட்டை, கையில பைபிள். குடி இல்ல. நான் நம்பல. சட்டையை மோந்து பாப்பேன், டம்ளரை மோந்து பாப்பேன். சோப்பு வாடைதான். பட்டறையைத் தொறந்தாவ. தெருவுல எல்லாருக்கும் சந்தோஷம். என் மக பிரின்சி கட்டிக் குடுத்த வீட்டுலருந்து போன் போட்டு அழுதா. எனக்கும் சந்தோஷம்தான். இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிரும்.

பொறவு சாட்சி சொல்லக் கூப்பிட்டாவ. சாட்சின்னா தெரியும்லா? மேடையில ஏறி, நான் இப்படி இருந்தேன், இப்படி ஆகிட்டேன்னு சொல்றது. என்னை முன் வரிசையில உக்கார வச்சாவ. அவிய மைக்கைப் பிடிச்சு, சர்ச்சுத் தமிழ்ல பேசுதாவ. வீட்டுல அப்படி ஒரு தமிழை நான் கேட்டதே இல்ல. "என் மனைவியின் கையை நான் முறித்தேன். ஆனால் கர்த்தர் என் கட்டுகளை முறித்தார்!" சனம் மொத்தமும் கையைத் தூக்கி அல்லேலூயாங்குது. என் கை ஒடிஞ்சதும் அவிய கட்டு ஒடிஞ்சதும் ஒரே கணக்காப் போச்சு.

"சிஸ்டர், எழும்பி நில்லுங்க. அந்தக் கையைக் காட்டுங்க"ன்னாரு பாஸ்டர். காட்டுனேன். கோணலாத்தான் சேந்திருக்கு, பாரு, இந்த மணிக்கட்டு. பின்னால நின்னவங்க எட்டி எட்டிப் பாத்தாவ. பொருட்காட்சியில ரெட்டைத் தலைக் கன்னுக்குட்டியைப் பாப்பாவல்லா, அப்படி.

ஒரு தடவைன்னா பரவாயில்ல. வாராவாரம். நாசரேத்து, வள்ளியூரு, சாத்தான்குளம்னு கூட்டம் நடக்கிற ஊருக்கெல்லாம் என் கையும் கூடப் போச்சு. போகப் போகக் கதை வேற வளருது. ஒரு கூட்டத்துல சொல்லுதாவ, "இரும்புக் கம்பியால் என் மனைவியை அடித்தேன்"ன்னு. கம்பியா? கம்பி எங்கருந்து வந்துச்சு?

வீட்டுக்கு வந்து கேட்டேன். "கையாலதான முறுக்குனீங்க? கம்பின்னு ஏன் சொன்னீங்க?"

"சொல்ற வேகத்துல வந்துட்டு, ஏட்டி."

"சரி. ஊரு பூரா சொல்லுதீங்க. என்கிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"உன்கிட்ட என்னத்தச் சொல்ல? கர்த்தர் மன்னிச்சுட்டாரு. பழசையெல்லாம் கடல்ல போட்டுட்டாரு."

"கடல்ல போட்டதை எதுக்கு வாராவாரம் வலை போட்டு மேடைக்குக் கொண்டு வாரீங்க? அவரு மன்னிச்சாரா? அவரு கையையா ஒடிச்சீங்க?"

பைபிளை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டாவ.

எனக்கு எது பொறுக்கலன்னு சொல்லட்டுமா? குடிச்சுக்கிட்டு கெடந்த காலத்துல அவிய தெனமும் மன்னிப்புக் கேப்பாவ. காலையில கண்ணு முழிச்சதும் என் காலைப் பிடிப்பாவ, அழுவாவ. நான்தான் மோர் கரைச்சுக் குடுக்கணும், தலைக்கு எண்ணெய் வைக்கணும். நான் இல்லன்னா ஒரு வாய் சோறு இறங்காது. குடியை நிறுத்துனாவ, அந்த மன்னிப்பையும் சேத்து நிறுத்திட்டாவ. இப்ப காலையில எந்திரிச்சா மாடியில ஜெபம். டீயை அவியளே போட்டுக்கிடுதாவ. நான் ஒருத்தி வீட்டுல இருக்கேனா இல்லையான்னே தெரியாது. அதுக்காக நான் ஏங்குனேன்னு நெனச்சுராத. நியாயத்தைச் சொல்லுதேன்.

மககிட்டச் சொன்னேன். "அம்மா, குடிக்காம இருக்காருல்லா, பேசாம இரு"ங்கா. தம்பிகிட்டச் சொன்னேன். "அன்னைக்கே ஆஸ்பத்திரியில அந்த அம்மா செய்யச் சொன்னதும் அதானக்கா. அதைச் செய்ய முடியாமதான ஓடுனாரு? விடு"ங்கான். எல்லாரும் அவிய குடிக்காம இருக்கிறதைப் பாக்காவ. ஒடிஞ்சவ ஒருத்தி நிக்காளே, அவளை யாரு பாக்கா?

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பெரிய கூட்டம், பந்தல் போட்டு, சீரியல் லைட்டெல்லாம் கட்டி. அன்னைக்கும் கம்பிதான் வந்துச்சு. அன்னைக்கும் "எழும்பி நில்லுங்க சிஸ்டர்." எழும்புனேன். நேரா மேடைக்கு ஏறிட்டேன். அவிய கையிலருந்து மைக்கை வாங்குனேன். ஏதோ நன்றி சொல்ல வாரேன்னு நெனச்சுச் சிரிச்சாவ.

"கம்பி இல்ல. கையாலதான் முறுக்குனாவ. எல்லார்கிட்டயும் சொல்லிட்டாவ, என்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை கேக்கல. நான் இன்னும் மன்னிக்கல. அதையும் சேத்து எழுதிக்கோங்க."

ஒரு பிள்ளை மட்டும் எங்கயோ அழுதுச்சு. பாஸ்டர் மெதுவா வந்து மைக்கை வாங்கிட்டாரு. என்ன சொன்னாருன்னு நெனைக்க? "நம்முடைய சகோதரிக்குள்ள கசப்பின் ஆவி இருக்கு. அது விலகும்படி எல்லாரும் கைகளை நீட்டி ஜெபிப்போம்"னாரு. அவ்வளவு சனமும் என்னைப் பாத்துக் கையை நீட்டுது. பாஸ்டர் என் தலையில கையை வச்சு அழுத்துதாரு. கை ஒடிச்ச ஆளு பரிசுத்தவான். ஒடிஞ்சவளுக்குப் பேய். சவம், அன்னைக்கு நான் எப்படிச் சாகாம வீடு வந்தேன்னு தெரியல.

அவிய பின்னாடியே வந்தாவ. உச்சி வெயில். வீட்டுக்குள்ள வந்து சுவரு ஓரமாத் தரையில உக்காந்தாவ.

"ஏட்டி, நீ கேக்கறது நியாயம்தான். எனக்குத் தெரியும். உன் கையைப் பாத்தா எனக்குத் தொண்டை காயுது. உடனே குடிக்கணும்னு வருது. அதான் நான் உன் கையைப் பாக்கறதே இல்ல."

"மேடையில சொல்லுதீங்களே?"

"மேடையில சொல்லும்போது வேற எவனோ செஞ்ச மாதிரி இருக்கு. இங்க வந்து உன்கிட்ட கேட்டு, நீ இல்லன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்? கர்த்தர்கிட்ட கேட்டா அவரு இல்லன்னு சொல்ல மாட்டாரு. நீ சொல்லுவ."

"ஆமா, சொல்லுவேன். அதுக்காகக் கேக்காம இருந்தா சரியாப் போச்சா? கேளுங்க."

பொறவு தலையைத் தூக்கி என் கையைப் பாத்தாவ. இந்த மணிக்கட்டை. மாவுக்கட்டு இல்லாம அவிய அதைப் பாத்தது அன்னைக்குத்தான் மொதத் தடவைன்னு நெனைக்கேன். "கம்பி இல்ல. என் கையாலதான் ஒடிச்சேன். நீ கத்தக்கூட இல்ல. மன்னிச்சுக்கோ, எமிலி."

கேட்டுட்டா உருகிருவேன்னுதான் நானும் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் உருகல. "இல்ல"ன்னேன். வாயில அதான் வந்துச்சு. உள்ள இல்லாததை இருக்குன்னு சொல்லச் சொல்லுதியா?

தலையை ஆட்டுனாவ. எந்திரிச்சாவ. செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாவ.

போனாப் போகட்டும்னு பாத்திரம் வெளக்க உக்காந்தேன். எனக்கென்ன வந்துச்சு? குடிச்சா குடிக்கட்டும். பாதிப் பாத்திரம் வெளக்கல, கையைக்கூடக் கழுவாம ஓடுனேன். நேரா ஒயின்ஷாப்பு. அந்த வாசல்ல எத்தனை நாள் நின்னிருக்கேன், காலுக்கு வழி மறக்கல. கூட்டத்துக்குள்ள ஒவ்வொரு மூஞ்சியாப் பாக்கேன். ஒருத்தன் கேக்கான், "என்னக்கா, இங்கயும் அண்ணன் சாட்சி சொல்ல வந்திருக்காரா?" எல்லாவனும் சிரிக்கான். அந்தச் சிரிப்புக்கு நடுவுல நிக்கேன், பிள்ள. நான்தான் குடிக்க அனுப்பிட்டேன், நான்தான் அனுப்பிட்டேன்னு நெஞ்சு அடிக்கு. தப்பு என் மேல கெடையாது. ஆனாலும் அடிக்கு.

அங்க இல்ல. ரயில்வே கேட்டுப் பக்கம் இருந்த இன்னொரு கடையிலயும் இல்ல. சர்ச்சுல இல்ல. கடைசியில பட்டறைப் பக்கம் போனா கிரைண்டர் சத்தம். ஞாயித்துக்கிழமை! அவிய இல்லத்துல ஞாயித்துக்கிழமை ஆணி அடிச்சாலே பாவம். ஒரு பழைய கேட்டைப் போட்டுத் துருவைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காவ. கண்ணாடிகூடப் போடல, கண்ணு ரெண்டும் செவசெவன்னு.

"வாயை ஊதுங்க"ன்னேன். ஊதுனாவ. ஒண்ணும் இல்ல, வெறும் பட்டினி வாடை.

ஓங்கி ஒரு அறை விட்டேன். "எங்கலே போன?"ன்னு கத்துனேன். கட்டுன புருஷனை லேன்னு கூப்பிட்டது அன்னைக்குத்தான். அடிச்சதும் அன்னைக்குத்தான், அதுவும் இந்தக் கையால. அன்னையிலருந்துதான் இது மறுபடி வலிக்க ஆரம்பிச்சுது. டாக்டர் கேட்டா இதைத்தான் சொல்லப் போறேன், பாத்ரூம்னு சொல்ல மாட்டேன்.

அவிய கன்னத்தைக்கூடத் தடவல. என்னையே பாத்தாவ. "நீ இல்லன்னு சொல்லிட்ட. பொறவும் நான் குடிக்கலட்டி"ன்னாவ. யாரோ வேற ஒருத்தனைப் பத்திச் சொல்ற மாதிரி, அப்படி ஒரு ஆச்சரியம் அவிய மூஞ்சியில. "கடைப் பக்கம்தான் போனேன். கால் அங்கதான் போச்சு. பொறவு இங்க திரும்பிட்டு. எப்படின்னு தெரியல."

"அதுக்கு நான் மெடலாக் குத்தணும்?"னு கேட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து சோறு போட்டேன். காலையில வச்ச மீன்கொழம்பு. பசிக்கிறவனுக்குப் போடாம இருக்க முடியுமா? அதுக்கும் மன்னிச்சதுக்கும் சம்பந்தம் கெடையாது.

இன்னும் இல்லத்துக்குப் போறாவ, ஜெபம் பண்ணுதாவ, மரியராஜு கூடப் போய்ப் புதுசா வந்த ஆளுங்களுக்கு வாளி பிடிக்காவ. நான் தடுக்கல. அடுத்த கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து நின்னாவ. "கையைப் பத்திச் சொல்லட்டுமா?"

"சொல்லக் கூடாது. அது என் கை."

சரின்னுட்டாவ. சொல்லவும் இல்ல. குடிச்சேன், விட்டுட்டேன்னு ரெண்டு வார்த்தை, எங்க ஊரு பேச்சுலயே சொல்லிட்டு இறங்கிட்டாவளாம். ஒருத்தரும் அல்லேலூயா சொல்லலயாம்.

மறுநாளே பாஸ்டர் எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. நாற்காலி போட்டேன், டீ வச்சேன். நான் மரியாதை தெரியாதவ இல்ல. "சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் சாட்சியில பழைய வல்லமை இல்ல. அந்தக் கைச் சம்பவத்தைச் சொன்னாத்தான் ஜனங்க உடைவாங்க. எத்தனையோ குடும்பம் அதைக் கேட்டு மனம் திரும்பியிருக்கு. ஆத்துமாக்களுக்காக நீங்க அனுமதி குடுக்கணும்"னாரு.

"சனங்க உடையணும்னா உங்க கையை உடைச்சுக்கிட்டு மேடை ஏறுங்க, பாஸ்டர்"னேன்.

அவிய அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாவ, கதவுப் பக்கத்துல. என்னை ஒரு வார்த்தை அதட்டல. பாஸ்டர் எந்திரிச்சதும், டீயைக் குடிச்சிட்டுப் போங்கன்னுகூடச் சொல்லல. போய் வாசக் கதவைத் தொறந்து விட்டாவ.